வேலிக்கு அந்தப்பக்கத்துப் புளி

கொல்லம் 1106-ஆம் ஆண்டில் ராகேலுக்கு வயது ஐம்பத்தேழு. புதுக்கடைச் சந்திப்பிலிருந்து மேற்கே ஒன்றேகால் மைல் நடந்தால் அவளுடைய விளை, வீடும் தோப்புமாக. அந்த வீட்டில் அப்போது இருந்தவர்கள் மகன் தங்கையன், மருமகள் லீலாபாய், ஐந்து வயதுப் பேத்தி ஜெபமணி. அவர்களைத் தவிர ஒரு சாம்பல் நிறப் பூனை, ஓர் ஆடு, ஐந்து கோழிகள், ஒரு சேவல். கூரையின் எரப்பில் தொங்கிய மூங்கில் குழாய்க்குள் ஒரு கூட்டம் சிறுதேனீ. இத்தனை உயிர்களில் வேலியைத் தாண்டிப் பக்கத்து விளைக்குப் போய்வந்தவை எவை என்று ராகேலிடம் கேட்டால் விரல் மடக்கிச் சொல்வாள். பேத்தி தினமும் போகும். மருமகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பூனை மீன் வாங்கிய நாளெல்லாம். கோழிகளில் கழுத்தில் ரோமம் இல்லாத ஒன்று மட்டும் முட்டையிடுவதற்காக.

பக்கத்து விளை நேசபாயுடையது. நேசபாய் லீலாபாயின் தாய். ராகேலைவிட மூன்று வயது இளையவள். தங்கையன் லீலாபாயைக் கட்டிய 1099-இல்தான் முள்முருக்கு வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கடவு திறந்தார்கள். ராகேலே அதற்குச் சம்மதித்தாள். பிறகு அந்தக் கடவை ஒருநாள்கூட அவளால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. அந்த வழியாகப் போவது அதிகம், வருவது குறைவு.

எல்லாவற்றுக்கும் காரணம் கொடம்புளி என்று அவள் நம்பினாள்.

ராகேலின் புருஷன் ஞானையன் பனையேறி. 1091 ஆனியில் மலைப்பக்கம் போனவன் நன்றாகப் பழுத்த மூன்று கொடம்புளிப் பழங்களை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். கடற்கரையிலிருந்து நான்கு மைல்கூட இல்லாத ஊர். மீன் இல்லாத நாள் இல்லை. மீனுக்கு ஏற்ற புளி சொந்த விளையில் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. விதைகளை மண்சட்டியில் போட்டான். ஏழு மாதம் மண் அசையவில்லை. எட்டாம் மாதம் இரண்டு முளைத்தன. ஒன்றைத் தன் விளையில் நட்டான். மற்றொன்றை வேலிக்கு அப்பால், நேசபாயின் புருஷன் ரசலையனின் விளையில் தானே குழி தோண்டி நட்டுக்கொடுத்தான். இரண்டுக்கும் இடையில் இருபத்திரண்டு அடி.

அவை பூப்பதற்குள் ஞானையன் இறந்துபோனான். அது 1098 புரட்டாசியில். ரசலையனும் அடுத்த ஆண்டு மகள் கல்யாணம் முடிந்த கையோடு போனான். 1102 மாசியில் இரண்டு மரங்களும் ஒரே வாரத்தில் பூத்தன. ராகேலின் மரத்தில் பூ கொள்ளாது. கொத்துக் கொத்தாக, மஞ்சளும் சிவப்புமாக. நேசபாயின் மரத்தில் பூ குறைவு, ஒற்றை ஒற்றையாக இருந்தது. ராகேல் வேலியோரம் நின்று அதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், கர்த்தர் நீதியுள்ளவர் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆனியில் நேசபாயின் மரத்தில் நாற்பத்தொரு காய். ராகேலின் மரத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த ஆண்டு அங்கே முந்நூறுக்கு மேல். இங்கே பூ மட்டும். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. காலையில் முற்றம் பெருக்கும்போது உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளிக் குப்பைக் குழியில் போடுவதுதான் ராகேலுக்குக் கிடைத்த மகசூல். நேசபாய் பழங்களைக் கீறி, விதை நீக்கி, வெயிலில் வாட்டி, அடுப்புக்கு மேல் பரணில் புகைபோட்டுக் கருக்கி, உப்பும் தேங்காயெண்ணெயும் பிசறிப் பரணியில் அடைத்தாள். அந்தப் பரணி திறந்தால் கடவுக்கு இந்தப்பக்கம் வரை மணம் வரும்.

ராகேலின் நாள் விடியுமுன் தொடங்கும். வௌவால் தின்று போட்ட புன்னைக்கொட்டையைப் பொறுக்குவாள். இரவில் மரநாய் வந்துபோன தடம் பலாமூட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பழுக்கும் சக்கைக்கு ஓலை பொதிவாள். கீரி ஒன்று வைக்கோற்போரின் அடியில் குட்டி போட்டிருந்தது. கோழிக்குஞ்சுக்கு ஆபத்து என்று தெரிந்தும் பாம்பு அண்டாது என்று அதை விட்டுவைத்திருந்தாள். காச்சில் கிழங்கின் கொடி ஏறக் கம்பு ஊன்றுவாள். மிளகுக் கொடிக்கு வாழைநார் கட்டுவாள். இவ்வளவையும் செய்கிறபோது அவளுடைய இடது கண் கைவேலையிலும் வலது கண் கடவிலும் இருக்கும் என்று லீலாபாய் சொல்லிச் சிரிப்பாள், மாமியார் காதில் விழாத தூரத்தில்.

எட்டு மணி சுமாருக்கு மீன்காரி விக்டோரியா கடற்கரையிலிருந்து தலையில் ஓலைக் கடவப்பெட்டியோடு வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல சாளை. ராகேல் மாங்காய்வற்றல் போட்டுக் குழம்பு வைத்தாள். தேங்காயைத் தானே அம்மியில் மூன்று தரம் இழுத்தாள். ஜெபமணி ஒரு வாய் உண்டது. பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்தது.

"என்ன மக்கா, காரமா இருக்கா?"

"இல்ல. இது வேற கறி. நான் கொடம்புளி அம்மச்சி வீட்டுல தின்னுகேன்."

"அங்க மட்டும் என்னட்டி, தங்கச் சட்டியிலயா வைக்கா?"

"இங்கத்த அம்மச்சி, நீங்களும் வாருங்க. நல்ல கறி."

ராகேல் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிள்ளைக்கு இரண்டு அம்மச்சிகள். ஒருத்தி கொடம்புளி அம்மச்சி. மற்றவள் இங்கத்த அம்மச்சி. ஒருத்திக்குப் பெயர் இருக்கிறது, மற்றவளுக்கு வெறும் இடம்தான் இருக்கிறது. கல்லும் இங்கே கிடக்கிறது, அம்மியும் இங்கே கிடக்கிறது. தானும் அப்படி இங்கே கிடக்கிறவள் என்று அவளுக்குத் தோன்றியது. சாம்பல் பூனை பேத்திக்கு முன்னாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு கடவைத் தாண்டியது.

"போ, சவமே. நீயும் போ. அங்க தலை கிடைக்கும், இங்க முள்ளுதானே," என்று பூனையைத்தான் ஏசினாள். ஏச்சு யாருக்கு என்பது லீலாபாய்க்குத் தெரியும்.

"மாமி, அம்மைக்கிட்ட நாலு சுளை புளி வாங்கிப் போட்டா பிள்ள இங்கயே தின்னுமே. எத்தன தரம் தரட்டா தரட்டான்னு கேட்டா!"

"எனக்க புருஷன் நட்ட மரத்துக்க புளிய நான் அடுத்த வீட்டுல இரந்து வாங்கணுமா?"

அந்த 1106 மாசியில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மரம் நிறையப் பூ. எரப்பில் தொங்கிய மூங்கில் குழாயிலிருந்து சிறுதேனீக்கள் புறப்பட்டு அவளுடைய மரத்துக்கு வந்தன. நியாயம்தான், அவளுடைய தேனீ, அவளுடைய மரம். ஆனால் அங்கிருந்து அவை குழாய்க்குத் திரும்பவில்லை. வேலிக்கு மேலாகப் பறந்து நேசபாயின் மரத்தில் போய் இறங்கின. ராகேல் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற சாக்கில் மூன்று நாள் காலை அங்கேயே நின்று பார்த்தாள். சந்தேகமில்லை. இங்கே பூவில் மூக்கை நுழைக்கிறது. அங்கே போய் எதையோ வைக்கிறது.

சனிக்கிழமை தங்கையனிடம் சொன்னாள். "பாத்தியாலே, எனக்க தேனீச்ச எனக்க பூவுக்க சத்த அள்ளிக்கொண்டு அங்கோட்டுப் போவுது. அதாக்கும் அங்க காய்க்குது, இங்க உதிருது."

"அம்மா, ஈச்ச எங்கேயும் போவும். அதுக்கு வேலி தெரியுமா?"

"ஒனக்கும்தான் தெரியல்ல. கட்டின அன்னைக்கே அங்கோட்டுச் சாஞ்சாச்சு."

அந்த ஆனியில் நேசபாய் தோட்டிக் கம்பால் காய் பறித்தாள். ஒரு பனையோலைக் குட்டை நிறைந்து, இரண்டாம் குட்டையும் நிறைந்தது. ராகேல் இந்தப்பக்கம் சேம்பு கிளறிக்கொண்டிருந்தாள். நேசபாய் நல்ல மனநிலையில் இருந்தாள். வேலிமேல் கையூன்றி, நாக்கில் விஷமில்லாமல், சேதி சொல்வதுபோலச் சொன்னாள்:

"மைனி, ஒங்க மரம் மலடுபோல இருக்கே. எத்தன வருசந்தான் பாப்பிய? மூட்டோட வெட்டிட்டு ஒரு தெங்கு வைக்கப்பிடாதா? இடமாவது மிஞ்சும்."

ராகேல் நிமிரவில்லை. சேம்பைக் கிளறிய கம்பு மட்டும் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. கட்டிவந்து பதினோரு வருஷம் அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பதினோரு வருஷமும் அந்தச் சொல்லைச் சபை வாசலிலும் கிணற்றங்கரையிலும் முதுகுக்குப் பின்னால் கேட்டவள் அவள். தங்கையன் பிறந்த அன்றைக்கே அந்தச் சொல் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தாள். நேசபாய் அந்தக் காலத்தில் இந்த ஊரிலேயே இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்தது பின்னால். அறியாமல்தான் சொன்னாள். ஆனால் நிறைந்த இரண்டு குட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

1107 ஐப்பசி ஒன்பதாம் தேதி மரவெட்டி கிருஷ்ணமணி கோடாலியோடு வந்தான். தங்கையன் வேலைக்குப் போயிருந்தான்.

"நல்ல வைரம் பாஞ்ச மரமாக்கும் பாட்டி. எதுக்கு வெட்டுகிய?"

"காய்க்காத மரத்த வச்சு கும்பிடவா?"

பதினொரு மணிக்கு மரம் விழுந்தது. சாய்ந்த கிளையில் ஓர் அணில் கூடு இருந்தது. அணில்கள் வேலி தாண்டி ஓடின, அதே திசையில்தான். சாயங்காலம் தங்கையன் வந்து அடிக்கட்டையைப் பார்த்தான்.

"அப்பன் நட்டது," என்றான்.

"ஒனக்க மாமியார் சொன்ன புத்திதான். போய் அவகிட்டக் கேளு."

அவள் மனத்துக்குள் இருந்தது வேறு. பூ இல்லையென்றால் தேனீ எதை அள்ளும், எதைக் கொண்டுபோய் வைக்கும் என்று பார்க்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாசியில் நேசபாயின் மரம் வழக்கம்போல் பூத்தது. ஆனியில் காய்த்தவை ஏழு. அடுத்த ஆண்டு இரண்டு. 1109-இல் ஒன்றுமில்லை. ராகேல் வேலியோரம் நின்று, கிளை கிளையாக, இலை விலக்கிப் பார்த்துத்தான் இந்த எண்ணிக்கையை உறுதி செய்தாள். ஏழு காய் கண்ட வருஷம் அவள் பதனீர்க் கஞ்சி காய்ச்சி வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து, கடவு வழியாக நேசபாய்க்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். என்ன விசேஷம் என்று லீலாபாய் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வாய் கேட்டது என்றாள்.

ஆனால் நினைத்தது நடக்கவில்லை. நேசபாயின் பரணி காலியான பிறகு அவள் வைத்த மீன்கறியும் மாங்காய்வற்றல் கறிதான். இரண்டு வீட்டிலும் ஒரே கறி. அப்படியிருந்தும் ஜெபமணி கடவைத் தாண்டியது. முன்னைவிட அதிகமாக.

"இப்ப அங்க என்னட்டி இருக்கு?" என்று ராகேல் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கொடம்புளி அம்மச்சிக்கு இப்பக் கொடம்புளி இல்லல்லா. பாவம். நான் கூட இருந்தா அழமாட்டாவ."

இதை ராகேல் எதிர்பார்க்கவில்லை. புளி போனது, பெயர் போகவில்லை. போதாததற்கு இப்போது பாவமும் சேர்ந்துகொண்டது. சபைப் பெண்கள் போகிற வழியில் நேசபாயின் முற்றத்தில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ராகேலின் மரம் ஐந்து வருஷம் வெறும் பூவை உதிர்த்தபோது இவர்களில் ஒருத்தியாவது நின்று அண்ணாந்து பார்த்தாளா? பதினோரு வருஷம் அவள் வயிறு காய்ந்திருந்தபோது யார் உச்சுக்கொட்டினார்கள்?

1109 ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை விக்டோரியா கடவத்தை இறக்கிவைத்து வெற்றிலை கேட்டாள். வேலிக்கு அப்பால் கையைக் காட்டி, "அந்த அக்காக்க புளி என்னத்துக்கு நின்னுபோச்சு? வருசா வருசம் நாங்களுமில்லியா வாங்குவோம்," என்றாள்.

"அது மலடாப் போச்சு," என்றாள் ராகேல். அந்தச் சொல்லைச் சொல்லும் முறை தனக்கு வந்ததில் ஒரு ருசி இருந்தது.

"காய்ச்ச மரம் எப்பிடி மலடாவும்? பக்கத்துல ஆண்மரம் நின்னிருக்கும், அத எவனாவது வெட்டியிருப்பான். குலசேகரம் சந்தையில புளி விக்குத ஒரு மலைக்காரி சொல்லுவா, கேட்டியளா, கொடம்புளிக்கு ஆணும் பெண்ணும் வேற வேற மரமாக்கும். ஆண்மரம் பூக்கத்தான் செய்யும், கொத்துக் கொத்தா. காய்க்காது. ஆனா அது இல்லன்னா மற்றதும் காய்க்காது. ஈச்ச கொண்டு சேக்கணும்."

"மரத்துல ஏதுட்டி ஆணும் பெண்ணும்?"

விக்டோரியா வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தாள். "நல்ல கதை! பனையேறிக்க பெண்டாட்டி கேக்குத கேள்வியா இது? பனைக்கு உண்டு, இதுக்கு இருக்கப்பிடாதா?"

ஆண்பனையையும் பெண்பனையையும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் ஊர் அது. ராகேலின் புருஷன் ஆண்பனையிலும் ஏறினான், பெண்பனையிலும் ஏறினான். இரண்டிலும் பதனீர் இறங்கியது. பதனீர் தரும் ஆண்பனையை யாரும் மலடு என்று சொன்னதில்லை. பனைக்கு அறிந்ததை வேறு மரத்துக்கு நினைத்துப்பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஞானையன் உட்பட.

முதலில் அவளுக்கு வந்தது மகிழ்ச்சிதான். நாற்பத்தொன்று, முந்நூறு, அந்த இரண்டு குட்டை நிறைய எல்லாமே அவளுடைய மரத்தின் பிள்ளைகள். நேசபாய் சுமந்து பெற்றாள், அவ்வளவே. பரணியில் கருத்துக் கிடந்த ஒவ்வொரு சுளைக்கும் தகப்பன் இந்தப்பக்கத்து மரம். பேத்தி தின்ற கறியில் பாதி இங்கத்த அம்மச்சியுடையது! எழுந்து போய் அடிக்கட்டையின்மேல் கையை வைத்தாள். அப்போதுதான் மற்றப் பாதி உறைத்தது. இதை ஊரறியச் சொல்ல வேண்டுமென்றால், கொன்றது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய் போய், புதனும் வியாழனும் போயின. அவள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டம் அந்த வாரம் நேசபாயின் வீட்டில். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது நேசபாய் சொன்னாள், "நாளைக்குக் கிருஷ்ணமணிய வரச்சொல்லியிருக்கேன். மூணு வருசம் பாத்தாச்சு. மலடான மரத்த நிறுத்தி என்ன பிரயோசனம்? மைனிக்கு அன்னைக்கு நான்தான் சொன்னேன். இன்னைக்கு எனக்கே அந்த விதி." சொல்லும்போதே குரல் உடைந்தது. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஜெபமணி அவள் மடியில் ஏறி, இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் துடைத்தது.

அந்தக் கைகளை ராகேல் பார்த்தாள். நாளைக்கு மரமும் போகும். ஞானையன் நட்டதில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மரம் போன பிறகு இந்தப் பாவமும் இந்தக் கைகளும் நேசபாய்க்கே நிரந்தரம்.

"வெட்டாத," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது மலடில்ல. ஒனக்க மரம் பெண்ணு. எனக்க மரம் ஆணு. நீ பறிச்ச காய் அம்புட்டும் எனக்க மரத்துக்குப் பிறந்ததாக்கும். மீன்காரிகிட்டக் கேளு. நான் ஆண வெட்டினேன், ஒனக்குக் காய் நின்னுபோச்சு."

நேசபாய் பிள்ளையை மடியிலிருந்து இறக்கினாள்.

"அறிஞ்சா வெட்டினிய?"

"அறிஞ்சா வெட்டுவேனா? எனக்க மரத்துக்க பெருமைய நானே கெடுப்பேனா?" ராகேல் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஆனா ஒனக்கு காய்க்கப்பிடாதுன்னுதான் வெட்டினேன். ஈச்ச இங்கேருந்து அள்ளிக்கொண்டு வாறத நான் கண்டேன். பிள்ள ஒன்ன பேரு சொல்லி விளிக்கு. சாம்பல் பூச்சயும் ஒனக்க வீட்டுல. நீ என்னன்னா குட்டைய வச்சுக்கிட்டு மலடுன்னு சொன்ன. நான் அந்தச் சொல்ல எத்தன வருசம் கேட்டவள்னு ஒனக்குத் தெரியுமா?"

நேசபாய் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "தெரியாது. எனக்கு யாரு சொன்னா? ஆனா மைனி, மூணு வருசம் நான் தலையில கைய வச்சு இருந்தத வேலி வழியா பாத்துக்கிட்டில்லா நின்னிய! பதனீக் கஞ்சி காச்சித் தந்தியளே, எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விட்டிய. நான் குடிச்சேன். அதுக்காக்கும் அந்தக் கஞ்சியா?"

ராகேல் தலையாட்டினாள். ஆமாம் என்றுதான்.

"எனக்க முற்றத்த விட்டு எறங்குங்க."

மறுநாள் கிருஷ்ணமணி வந்தான். நேசபாய் அவனைக்கொண்டு மரத்தை வெட்டவில்லை. முள் வெட்டிக் கடவை அடைத்தாள். முப்பத்திரண்டு நாள் அது அடைபட்டே கிடந்தது. லீலாபாய் ரோடு வழியாகச் சுற்றித் தாயைப் பார்த்துவந்தாள். ஜெபமணி முதல் வாரம் அழுதது, பிறகு அடங்கிவிட்டது. இப்போது பேத்தி முழுக்க ராகேலின் பக்கம்தான். ஆனால் காலையில் பெருக்கும்போது பேத்தி வேலியில் கண்ணை வைத்து அந்தப்பக்கம் பார்த்து நிற்பதை அவள் பார்த்தாள். அந்த நிற்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு.

ஆடி முடியும் முன் அவள் விக்டோரியாவிடம் சொல்லிக் குலசேகரத்திலிருந்து பழுத்த புளிப்பழம் வருவித்தாள். விதையை ஒன்பது சட்டியில் போட்டாள். முள்ளை அவளே ஒரு காலையில் பிடுங்கிப்போட்டாள். அந்தப்பக்கத்திலிருந்து யாரும் திரும்ப வைக்கவில்லை. 1110 பங்குனியில் ஆறு முளைத்தது. எது ஆண், எது பெண் என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது என்று விக்டோரியா அடித்துச் சொன்னாள். ஆகவே எல்லாவற்றையும் நட வேண்டும். நேசபாய் ஒன்பது மாதத்தில் முதன்முறையாகக் கடவைத் தாண்டி வந்து சட்டிகளின் முன் குந்தினாள்.

"மூணு எனக்கு," என்றாள்.

"ஒனக்கு ஏற்கெனவே பெண்ணு நிக்கே. நான் வச்சா போராதா?"

"ஒங்க கையில ஆண நம்பி விடுகதுக்கு எனக்கு என்ன பைத்தியமா?"

ராகேல் மூன்றைக் கொடுத்தாள். தழைத்து நேராக நின்ற மூன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் வளைந்தவற்றைக் கொடுத்தாள். நேசபாய் குறைசொல்லாமல் வாங்கிப் போனதுதான் ராகேலை உறுத்தத் தொடங்கியது. இவ்வளவு எளிதாக ஏன் வாங்கினாள்? வளைந்ததுதான் ஆணோ? விக்டோரியா அவளிடம் மட்டும் எதையாவது சொல்லியிருப்பாளோ?

நாலாம் நாள் நல்ல கன்று ஒன்றை மண்ணோடு அகழ்ந்து எடுத்துக்கொண்டு கடவைத் தாண்டினாள். நேசபாய் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜெபமணி பக்கத்தில்.

"இந்தா, இது நல்லா தழைச்சிருக்கு. இத எடுத்துக்கிட்டு அந்த வளைஞ்சத எனக்குத் தா."

நேசபாய் அந்தக் கன்றைப் பார்த்தாள், ராகேலைப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"தரமாட்டேன். பன்னெண்டு வருசம் கழிச்சு வாருங்க மைனி. அன்னைக்குப் பாப்போம்."